‘இருக்கலாம்’ என்று முடிகிற அறிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தீப்பெட்டிச்சீட்டு (குடியாத்தம்) எழுதியது:

வணக்கம். இந்த இணைய மன்றத்தில் இதுவரை வாசிக்க மட்டும் செய்தேன். இப்போதுதான் எழுதுகிறேன்.

வயது 24. பி.காம். முடித்துவிட்டு ஆம்பூர்ப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். போன ஆண்டு ஒரு மருத்துவ உளவியலாளரிடம் முழு மதிப்பீடு செய்துகொண்டேன். அறிக்கையின் கடைசிப் பத்தியைத் தமிழில் தருகிறேன்: “ஆட்டிசம் நிறமாலைக்குரிய இயல்புகள் தெரிகின்றன. சிறுவயது வளர்ச்சி வரலாறு போதிய அளவில் கிடைக்காததால் உறுதிப்படுத்த இயலவில்லை. சமூகப் பதற்றமும் உடன் இருக்கலாம். மறுமதிப்பீடு பரிந்துரைக்கப்படுகிறது.”

இதற்கு முன்பு பள்ளியில் ஓர் ஆலோசகர், “கூச்ச சுபாவம், வளர வளரப் போய்விடும்” என்றார். கல்லூரிக் காலத்தில் ஒரு மனநல மருத்துவர் சமூகப் பதற்றம் என்று மாத்திரை கொடுத்தார். கை நடுக்கம் குறைந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் மதிய உணவு வேளையில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் பேச்சையும் என்னால் பிரித்துக் கேட்க முடியாது. பசை வாசனையில் தலை கனத்து, எண்கள் கண்ணில் நிற்காது. “அந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்” என்று மேலாளர் சொன்னால் எதை, எவ்வளவு, எப்போதைக்குள் என்று புரியாமல் அரை நாள் அப்படியே உட்கார்ந்துவிடுவேன். மாத்திரை இதில் எதையும் தொடவில்லை.

வரலாறு கிடைக்காததற்குக் காரணம் எளியது. கைக்குழந்தையாக இருந்தபோதே என்னைப் பாட்டியிடம் விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். எங்கள் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான். முதல் வகுப்பு சேரும்போதுதான் திரும்பி வந்தார்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்த்தானா, விரல் நீட்டிக் காட்டினானா, பொம்மைக்குச் சோறூட்டி விளையாடினானா என்று உளவியலாளர் கேட்கக் கேட்க அம்மா என் முகத்தைப் பார்த்தார். எல்லாம் தெரிந்த பாட்டி இப்போது இல்லை.

எனக்கே நினைவிருப்பவை சில. தீப்பெட்டிச் சீட்டு சேர்ப்பேன், எங்கள் ஊரில் எந்தப் பிள்ளைதான் சேர்க்கவில்லை? மற்றவர்கள் புலி, யானை, ரோஜா என்று படத்தைப் பார்த்து அடுக்குவார்கள். நான் அச்சு விலகிய சீட்டுகளை, எந்த நிறம் எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று பிரித்து அடுக்குவேன். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊரே தெருவில் நிற்கும்போது நான் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு இருப்பேன். பயந்தாங்கொள்ளி என்பார்கள். பயம் இல்லை, அம்மன் முகத்தைப் பார்க்க எனக்கும் ஆசைதான். மேளத்தின் சத்தம் பல்லில் வலித்தது.

ஆட்டிசம் பற்றி இணையத்தில் புழங்கும் 50 கேள்விகள் கொண்ட தேர்வில் 32 என்பது எல்லைக்கோடு. வேலை முடிந்து வந்த மாலையில் எழுதினால் கோட்டைத் தாண்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எழுதினால் கீழே நிற்கிறேன். எனக்கு ஆட்டிசம் என்று சொன்னால் பொய் சொல்வதுபோல் இருக்கிறது, இல்லை என்று சொன்னாலும் அப்படியே. இப்படி இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அலுவலகத்தில் சொல்லலாமா? மறுபடியும் பணம் செலவழித்து மதிப்பீட்டுக்குப் போகலாமா?

சிக்னலில் நிற்பவள் (சத்துவாச்சாரி) எழுதியது:

இருக்கிறேன். 27 வயது. ஒரு மருத்துவர் ஏடிஎச்டி (கவனம் ஒன்றில் நிலைக்காத, துறுதுறுப்பு மிகுந்த நிலை) என்றார், இன்னொருவர் அதோடு ஆட்டிசத்தின் சாயல் என்றார். இன்று வேலை அதிகம், இரவு விரிவாக எழுதுகிறேன். பல்லில் வலித்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரிப்பை வாங்கியிருக்கிறேன் தெரியுமா?

வாலாஜா ஓய்வாசிரியர் எழுதியது:

தம்பி, மனம் நோகாமல் எடுத்துக்கொள்ளுங்கள். என் வகுப்பில் உங்களைப் போன்ற பிள்ளைகள் ஆண்டுதோறும் இருந்தார்கள். ஒருவன் யாரோடும் பேச மாட்டான், மாவட்டத்தின் ஏரிகளை எல்லாம் மனப்பாடமாகச் சொல்வான். இன்று அவன் பட்டயக் கணக்காளர். அந்தக் காலத்தில் யாரும் அவனுக்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்திருந்தால், ‘இவனால் இது முடியாது’ என்று நாங்களே முடிவு கட்டியிருப்போமோ என்று தோன்றுகிறது. நீங்கள் படித்திருக்கிறீர்கள், சம்பாதிக்கிறீர்கள். எதற்கு இந்தத் தேடல்?

சிறப்பாசிரியை (ராணிப்பேட்டை) எழுதியது:

ஐயா சொன்ன அந்த மாணவரின் தாயிடம் கேட்டால் வேறு கதை வரும் என்று நினைக்கிறேன். கணக்காளர் ஆனார், சரி. கல்யாண வீட்டில் எப்படி இருக்கிறார், வேலையை விட்டு எத்தனை முறை ஓடப் பார்த்தார் என்பதெல்லாம் மதிப்பெண் பட்டியலில் வராது. ஆனாலும் ஐயாவின் அச்சம் வெறும் அச்சமில்லை. பெயரைக் கேட்டதும் பிள்ளையைக் கடைசி வரிசைக்குத் தள்ளிய பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

தம்பிக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆட்டிசத்துக்கு இரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. நடத்தையைப் பார்த்தும் வரலாற்றைக் கேட்டும்தான் முடிவு செய்கிறார்கள். அந்த வரையறையே காலத்துக்குக் காலம் நகர்ந்திருக்கிறது. 1943-இல் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். மறு ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், சரளமாகப் பேசத் தெரிந்தும் பழகத் தெரியாத சிறுவர்களைப் பற்றி எழுதினார். லோர்னா விங் 1981-இல் எடுத்துப் பேசும்வரை அது பரவலாகத் தெரியவே இல்லை. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு ஆஸ்பெர்கர் என்ற தனிப்பெயரை எடுத்துவிட்டு லேசானது முதல் தீவிரமானது வரை எல்லாவற்றையும் ஒரே நிறமாலைக்குள் கொண்டுவந்தது. ஒலி, ஒளி, வாசனை, தொடுகை ஆகியவற்றுக்கு உடல் அளவுக்கு மீறியோ குறைந்தோ எதிர்வினை காட்டுவதை அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்ததும் அப்போதுதான். அதாவது, நெல் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த உங்கள் கதைக்கு 2013-க்குப் பிறகுதான் அந்தக் கையேட்டின் வரையறையில் இடம் கிடைத்தது.

கானர் முதலாவதாக எழுதிய சிறுவன் டொனால்ட் டிரிப்லெட், வளர்ந்து வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், 2023-இல் 89 வயதில் இறந்தார். ஆகையால் ஐயா, பெயர் வைத்தால் வாழ்க்கை முடிந்துவிடும் என்பதும் இல்லை.

இப்போது உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். டிஎஸ்எம்-5 கேட்பவை சுருக்கமாக இவை: பழகுவதிலும் பேச்சுப் பரிமாற்றத்திலும் மூன்று வகைத் தடைகள், மூன்றும் இருக்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தல், மாறாத ஒழுங்கு, ஒன்றிலேயே ஆழ்தல், புலன் வேறுபாடு என்ற நான்கில் குறைந்தது இரண்டு. அன்றாட வாழ்வு கணிசமாகப் பாதிக்கப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இவை சிறு வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் உங்கள் அறிக்கை நின்றுவிட்டது. ஆனால் அதே கையேடு, வாழ்க்கையின் கோரிக்கைகள் ஒருவருடைய திறனை மிஞ்சும் வரை அறிகுறிகள் முழுதாக வெளிப்படாமல் இருக்கலாம் என்றும், கற்றுக்கொண்ட உத்திகளால் மறைந்திருக்கலாம் என்றும் சேர்த்தே சொல்கிறது. வரலாறு கிடைக்கவில்லை என்பதை ‘இல்லை’ என்று வாசிக்காதீர்கள். ஒரு நேர்மையான உளவியலாளர் தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருக்கிறார்.

பாட்டி இல்லாவிட்டாலும் வரலாறு வேறு இடங்களில் கிடக்கும். அத்தை, சித்தி, பக்கத்து வீட்டுப் பாட்டிகள், அங்கன்வாடி ஆசிரியை, ஆரம்பப் பள்ளி மதிப்பெண் அட்டையில் ‘கலந்து பழகுவதில்லை’ என்று எழுதிய ஒரு வரி. எல்லாவற்றையும்விட, காதுகுத்து வீடியோ. நம் பக்கத்தில் சோற்றுக்கு வழியில்லாத வீட்டிலும் காதுகுத்துக்கு வீடியோ எடுத்திருப்பார்கள். கூட்டத்தில் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது, யார் முகத்தைப் பார்க்கிறது, கூப்பிட்டால் திரும்புகிறதா என்பதைப் பயிற்சி பெற்ற கண் பார்த்துவிடும்.

இன்னொன்று. நோயறிதல் வேறு, அரசுச் சான்றிதழ் வேறு. சான்றிதழுக்கு நம் நாட்டில் பயன்படுவது ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோல். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. 106 வரை லேசானது, 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். கேட்டதையே கிளிப்பிள்ளைபோல் திருப்பிச் சொல்கிறாரா, தன்னையே காயப்படுத்திக்கொள்கிறாரா என்பன போன்ற கேள்விகள் அதில் உண்டு. பி.காம். படித்து வேலைக்குப் போகிற ஒருவர் அதில் 70-ஐத் தொடாமல் போகலாம். அந்த எண்ணைப் பார்த்து உங்கள் சிரமம் கற்பனை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

நெறியாளர் எழுதியது:

‘மூன்றே மாதத்தில் ஆட்டிசம் குணம், ஸ்டெம்செல் சிகிச்சை, சலுகை விலை’ என்று ஒருவர் இட்ட பதிவை நீக்கியிருக்கிறேன். மருத்துவர்கள், மருத்துவமனைகள் மீதான குறைகளைப் பெயர் குறிப்பிடாமல் எழுதவும்.

சிறப்பாசிரியை (ராணிப்பேட்டை) எழுதியது:

நீக்கியதற்கு நன்றி. ஆட்டிசத்தைக் குணமாக்கும் மருந்து எதுவும் கிடையாது. உடன் வரும் தூக்கமின்மை, பதற்றம், கடும் எரிச்சல் ஆகியவற்றுக்கு மருந்து உண்டு, அவ்வளவுதான். ஸ்டெம்செல் என்று சொல்லி லட்சக்கணக்கில் வாங்குபவர்களிடம் நகையை அடகு வைத்துவிட்டு வந்த பெற்றோரை எனக்குத் தெரியும்.

அரக்கோணம் அம்மா எழுதியது:

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

என் மகனுக்கு 19 வயது. பேச மாட்டான். இரண்டரை வயதில் சொன்ன ‘தண்ணி’ என்ற சொல்லும் பிறகு போய்விட்டது. அவனுக்கு எந்த அறிக்கையிலும் ‘இருக்கலாம்’ இல்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து கதவைத் தட்டுவான், மாடி வீட்டுக்காரர் கீழே வந்து என்னைத் திட்டுவார். 18 முடிந்ததும் சட்டப்படி அவன் பெரியவன். வங்கியில் அவன் பெயரில் ஒரு கையெழுத்துப் போடுவதற்கு, 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் குழுவிடம் விண்ணப்பித்து, பெற்ற தாயாகிய நான் காப்பாளர் என்று எழுதி வாங்க வேண்டியிருந்தது. அதே அறக்கட்டளையின் நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டில் ஒரு லட்சம் வரை கிடைக்கும் என்பதை அவன் பிறந்து எத்தனையோ வருடங்கள் கழித்து, இன்னொரு தாய் ரயிலில் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

இங்கே இளைஞர்கள் ‘எனக்கும் ஆட்டிசம்’ என்று எழுதும்போது, சொந்தக்காரர்கள் அதை வாசித்துவிட்டு என்னிடம் வந்து, “பார், இவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிறார்கள், நீதான் சரியாக வளர்க்கவில்லை” என்கிறார்கள். தம்பியைக் குறை சொல்லவில்லை. ஆனால் யாராவது ‘ஆட்டிசம் குறையே இல்லை, அது ஒரு வரம்’ என்று எழுதினால் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. வரம் என்பவர்கள் ஓர் இரவு என் வீட்டில் வந்து தங்கட்டும்.

தீப்பெட்டிச்சீட்டு (குடியாத்தம்) எழுதியது:

அம்மா, வரம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். என் சிரமத்தையும் உங்கள் மகனின் சிரமத்தையும் ஒரே சொல் தாங்குவது எனக்கே சரியாகப் படவில்லை. எந்தச் சொல் பொருத்தம் என்று எனக்குத் தெரியாது. உங்கள் சொந்தக்காரர்கள் கேட்டால், வேலைக்குப் போகிற அந்தப் பையனும் வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, ஒன்பது மணி வரை அம்மாவோடுகூடப் பேச முடியாமல் படுத்திருப்பான் என்று சொல்லுங்கள்.

அரக்கோணம் அம்மா எழுதியது:

உங்கள் அம்மாவுக்கு அது தெரியுமா? கோபத்தில் படுத்திருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருக்கப் போகிறார். போய்ச் சொல்லுங்கள்.

சிக்னலில் நிற்பவள் (சத்துவாச்சாரி) எழுதியது:

சொன்னபடி வந்துவிட்டேன்.

பெண் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நான் எட்டாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த தோழியின் சிரிப்பை அப்படியே எடுத்துக்கொண்டேன். எந்த இடத்தில் சிரிக்கிறாள், தலையை எந்தப் பக்கம் சாய்க்கிறாள், ‘அப்படியா’ என்பதை எந்த ராகத்தில் சொல்கிறாள் என்று கவனித்துக் கவனித்துச் செய்தேன். இன்றும் அலுவலகத்தில் நான் சிரிப்பது அவளுடைய சிரிப்பைத்தான். மதிப்பீட்டில் ஒரு மருத்துவர், “கண் பார்த்துப் பேசுகிறீர்கள், நகைச்சுவை புரிகிறது, ஆட்டிசம் இருக்க வாய்ப்பில்லை” என்றார். நான் பார்த்தது அவருடைய புருவங்களுக்கு நடுவிலான இடத்தை.

2013-க்கு முந்தைய கையேட்டின்படி ஆட்டிசமும் ஏடிஎச்டியும் ஒருவருக்கே சேர்த்து எழுதக் கூடாது. அந்தக் காலத்தில் படித்தவர்கள் சிலர் இன்றும் ‘ஏதாவது ஒன்றுதான்’ என்ற பழக்கத்தில் இருக்கிறார்கள். என்னுள் ஒன்று ஒழுங்கைக் கேட்கிறது, இன்னொன்று அந்த ஒழுங்கைக் கலைத்துவிடுகிறது. அலமாரியை நிறவாரியாக அடுக்குவேன், அடுக்கிய அன்றே சாவியைத் தொலைப்பேன்.

வீட்டில் வரன் பார்க்கிறார்கள். சொல்வதா, வேண்டாமா? உறுதியாகாத ஒன்றைச் சொன்னால், ‘பெண்ணுக்கு மூளைக்கோளாறாம்’ என்று காட்பாடி முதல் திருப்பத்தூர் வரை செய்தி போய்விடும் என்கிறார் அம்மா. சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு, வந்த விருந்தாளிகளுக்கு மத்தியில் நான் அறைக்குள் போய்த் தாழிட்டால் அதற்கு என்ன பெயர் வைப்பார்கள்? அதனால் பெயரை விட்டுவிட்டேன். போன தடவை வந்தவர்களிடம், மண்டபத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் என்னால் நிற்க முடியாது, நடுவில் தனியறை வேண்டும், தொலைபேசியில் பேசுவதைவிடச் செய்தி அனுப்புவது எனக்கு எளிது, முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்கு ஆள் வந்தால் தடுமாறுவேன் என்று நானே சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா, “பெண் நன்றாகப் பேசுகிறது, கொஞ்சம் அதிகமாகவே” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் பிறகு வரவில்லை. எனக்கு வருத்தமில்லை, அம்மாவுக்குத்தான்.

ஆம்பூர்க்காரன் எழுதியது:

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கும் பல காலம் ‘இருக்கலாம்’ என்று இருந்து, கடைசியில் ‘இல்லை’ என்று முடிந்தது.

எங்கள் வீட்டில் உருது, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். பேச்சு தாமதமாக வந்தது. இரண்டு மொழி பேசினால் அப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அது சரியில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். வீட்டில் இரண்டு மொழி பேசுவது ஆட்டிசத்தைக் கொண்டுவராது, வேறு காரணத்தால் வந்த பேச்சுத் தாமதத்தைக் கூட்டவும் செய்யாது. எங்கள் பக்கத்துத் தெலுங்கு வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: மொழிமீது பழியைப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

வளர்ந்த பிறகு கூட்டம் ஆகாது, கதவுப் பூட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன், பொருட்கள் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். நானே ஆட்டிசம் என்று முடிவு கட்டிவிட்டேன். மதிப்பிட்டவர் ஒரு கேள்வி கேட்டார்: “நேர்க்கோட்டில் அடுக்கும்போது உங்களுக்கு மகிழ்ச்சியா, நிம்மதியா?” நான், “அடுக்காவிட்டால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம்” என்றேன். அந்த இடத்தில் வழி பிரிந்தது. என்னுடையது ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய், அதோடு சமூகப் பதற்றம். பயப்படுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொண்டு, பூட்டைப் பார்க்காமல் இருக்கப் பழக்கும் சிகிச்சையில் பாதிக்கு மேல் விடுதலை.

அதனால்தான் ‘பெயர் எதற்கு’ என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பதற்றத்தால் கூட்டத்துக்குப் பயப்படுகிறவனைப் படிப்படியாகக் கூட்டத்துக்குள் கொண்டுபோனால் பயம் தணியும். தம்பியைப்போல் சத்தமே உடலில் வலிக்கிறவனை அதே மாதிரி மேளத்தின் பக்கத்தில் நிறுத்தினால் அவன் நொறுங்கித்தான் போவான். சிகிச்சையே தலைகீழாகிவிடும். இரண்டும் சேர்ந்திருப்பவர்களும் நிறைய. தம்பிக்கு மாத்திரையில் நடுக்கம் குறைந்தும் மற்றவை அப்படியே இருக்கின்றன என்பதைப் பார்த்தால் அவருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் மருத்துவன் இல்லை.

வாலாஜா ஓய்வாசிரியர் எழுதியது:

ஆம்பூர்த் தம்பி சொன்னது எனக்குப் புதிது. பெயர் என்றால் முத்திரை என்றுதான் நினைத்திருந்தேன், மருந்துச் சீட்டு என்று நினைக்கவில்லை. ஆனால் ஒன்று: குடியாத்தம் தம்பிக்கு ‘இருக்கலாம்’ என்று வந்தபிறகு, ஒவ்வொரு சிறு தவறுக்கும் ‘இதனாலா’ என்று தன்னையே துருவிக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது. ஒரே மாதிரித் தேர்வைப் பல நாட்கள் எழுதிப் பார்ப்பது நல்லதல்ல.

தீப்பெட்டிச்சீட்டு (குடியாத்தம்) எழுதியது:

உண்மைதான் ஐயா. அந்தத் தேர்வை இனி எழுதுவதில்லை.

அலுவலகம் பற்றி யாரும் சொல்லவில்லையே.

மேல்விஷாரம் மனிதவளம் எழுதியது:

நான் சொல்கிறேன், தோல் துறையிலேயே ஆள்சேர்ப்புப் பிரிவில் இருக்கிறேன்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, ஆட்டிசமும் அதில் உண்டு. தேவைக்கேற்ற நியாயமான மாற்றங்களைச் செய்து தருவது பற்றியும் அந்தச் சட்டம் பேசுகிறது. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும், தனியாருக்கும் இது பொருந்தும். உங்கள் நிறுவனத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஏதாவதோர் அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும். அரசுப் பணியில் 4 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் ஒரு சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதற்கு 40 சதவீதச் சான்றிதழ் தேவை. உங்கள் அறிக்கையை வைத்து அந்தக் கதவைத் தட்ட முடியாது.

ஆனால் நாற்காலியை நகர்த்தச் சான்றிதழ் வேண்டியதில்லை. அறிக்கையைக் காட்டாதீர்கள். ‘ஆட்டிசமாக இருக்கலாம்’ என்று சொன்னால் மேலாளருக்கு ஒன்றும் புரியாது, அடுத்த நாள் உணவுக்கூடம் முழுவதும் தெரிந்துவிடும். ‘பசை ஒட்டும் பிரிவின் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குத் தலைவலி வருகிறது, கணக்கில் பிழை வருகிறது, அனுப்புகைப் பிரிவின் பக்கம் இடம் மாற்றித் தாருங்கள்’ என்றால் அவருக்குப் புரியும். பிழை என்ற சொல்லைக் கேட்டாலே மேலாளர்கள் அசைந்துகொடுப்பார்கள்.

தீப்பெட்டிச்சீட்டு (குடியாத்தம்) எழுதியது:

இரண்டு வாரம் எழுதவில்லை, மன்னிக்கவும்.

இடம் மாற்றிக் கேட்டேன். கிடைத்தது. அனுப்புகைப் பிரிவில் அட்டைப்பெட்டி வாசனைதான், அது எனக்குப் பிடிக்கும். வேலையை எழுத்தில் தரச் சொன்னதற்கு மேலாளர், “உங்களுக்குத் தாம்பூலத் தட்டில் வைத்துத் தரவா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் அன்றிலிருந்து பாதி வேலைகள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. மீதிப் பாதிக்கு, அவர் சொல்லி முடித்ததும் நானே ‘நீங்கள் சொன்னது இது, வெள்ளிக்கிழமைக்குள்’ என்று எழுதி அனுப்பிவிடுகிறேன். மறுத்துப் பதில் வராவிட்டால் அதுதான் வேலை.

அம்மாவிடம் சொன்னேன். கோபம் என்றுதான் நினைத்திருந்தாராம். பாட்டியிடம் விட்டுப் போனதற்கான கோபம் என்று.

காதுகுத்து சி.டி. அத்தை வீட்டில் கிடைத்தது. பாதிக்கு மேல் ஓடவில்லை. ஓடியவரை பார்த்தோம். நாதஸ்வரம் தொடங்கியதும் நான் பாட்டியின் முந்தானைக்குள் போய்விடுகிறேன். ஆனால் பக்கத்தில் இருக்கும் மாமா மகனும் அழுகிறான். அவன் இன்று காவல்துறையில் இருக்கிறான், அவனுக்கு ஒன்றுமில்லை. பிறகு ஒரு காட்சியில் எல்லாப் பிள்ளைகளும் பலூனுக்காக ஓடுகிறார்கள், நான் பந்தல் காலைச் சுற்றியிருக்கும் வண்ணக் காகிதத்தைத் தடவிக்கொண்டிருக்கிறேன். யாரோ கூப்பிடுகிறார்கள், திரும்பவில்லை. மேளத்தில் கேட்கவில்லையோ என்னவோ. அம்மா அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு, “இப்போதும் இப்படித்தான் கூப்பிட்டால் திரும்ப மாட்டாய்” என்றார்.

அடுத்த மாதம் வேலூர் பாகாயத்தில் உள்ள மருத்துவமனைக்குப் போகிறோம், மறுமதிப்பீட்டுக்கு. அத்தையும் வருகிறார். மறுபடியும் ‘இருக்கலாம்’ என்றே வந்தால்?

சிறப்பாசிரியை (ராணிப்பேட்டை) எழுதியது:

வரலாம். அதனால் போகும்போதே ஒன்று கேட்டுவிடுங்கள்: ‘பெயர் உறுதியாகாவிட்டாலும், எனக்கு எது முடிகிறது, எதில் சிரமம், என்ன மாற்றங்கள் உதவும் என்பதைத் தனிப் பக்கமாக எழுதித் தாருங்கள்.’ கேட்காவிட்டால் பலர் எழுத மாட்டார்கள். அடுத்த வேலைக்குப் போகும்போது அந்தப் பக்கம் மட்டும் கையில் இருந்தால் போதும். பதற்றத்துக்கான சிகிச்சையை அதுவரை நிறுத்த வேண்டாம். மாத்திரையைப் பற்றிக் கொடுத்தவரிடமே பேசுங்கள், நீங்களாகக் குறைக்காதீர்கள்.

சி.டி.யை நகலெடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். மாமா மகன் அழுததையும் வெட்டாமல் காட்டுங்கள். அத்தையிடம் முன்கூட்டியே எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள், அவருக்கு நினைவிருப்பதை அவரே சொல்லட்டும்.

சிக்னலில் நிற்பவள் (சத்துவாச்சாரி) எழுதியது:

காதடைப்பான் எடுத்துப் போங்கள். காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுங்கள், பழைய பேருந்து நிலையத்தில் எட்டு மணிக்கு மேல் ஆரன் சத்தம் தாங்காது. அங்கே போய்ச் சேரும்போதே களைத்துப்போனால் கேள்விகளுக்குப் பதில் வராது. அதோடு, சிரித்துச் சமாளிக்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள்.

வாலாஜா ஓய்வாசிரியர் எழுதியது:

விடுப்பு தருகிறார்களா தம்பி? மாதக் கடைசியில் கணக்குப் பிரிவில் தர மாட்டார்களே.

தீப்பெட்டிச்சீட்டு (குடியாத்தம்) எழுதியது:

அதனால்தான் ஐயா, 12-ஆம் தேதி வாங்கியிருக்கிறேன். ஒரு நாள் முழுதாகக் கொடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே.